வயலில் தெளித்த களைக்கொல்லி பவளத்திட்டு வரை போய்ச் சேர்வது எப்படி?

கேள்வி:

அனைவருக்கும் வணக்கம். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துக் கரும்பு வயல்களில் தெளிக்கப்படும் களைக்கொல்லிகள் கிரேட் பேரியர் ரீஃப் என்ற பவளத்திட்டுத் தொடரின் கடல்நீரில் காணப்படுவதாகப் படித்தேன். அந்தத் திட்டுகளில் பல, கரையிலிருந்து வெகுதூரம் தள்ளி இருக்கின்றன. மேலும் பவளம் என்பது செடியன்று, விலங்கு. களைகளை அழிக்கச் செய்த மருந்து அதை எவ்வாறு பாதிக்கிறது? கடலில் கலந்ததும் நீர்த்துப் போய்விடாதா?

பதில் 1:

மருந்து போகும் வழியை முதலில் சொல்கிறேன். கிளைபோசேட் என்ற களைக்கொல்லி மண்ணோடு இறுகப் பற்றிக்கொள்ளும். ஆனால் கரும்பில் களை முளைக்கும் முன்பே மண்ணில் தெளிக்கப்படும் அட்ரசின், டையூரான், ஹெக்சாசினோன் போன்றவை அந்த அளவுக்குப் பற்றுவதில்லை. அங்கே நவம்பரில் தொடங்கும் மழைக்காலத்தின் முதல் கனமழை, தெளித்துச் சில நாள்களே ஆன வயலில் விழுந்துவிட்டால், மண்ணின் மேற்பரப்பில் இருக்கும் மருந்து நீரில் கரைந்து ஓடைக்கும் ஆற்றுக்கும் வந்துவிடுகிறது. கரைந்த நிலையில் வருவதால், வண்டலைத் தடுக்கும் வரப்பும் புல்பட்டையும் இதை முழுமையாக நிறுத்துவதில்லை. வெள்ளநீர் கடல்நீரைவிட அடர்த்தி குறைந்தது. ஆகவே அது உடனே கலந்துவிடாமல் மேற்பரப்பில் படலமாக விரிந்து, கரையோரத் திட்டுகளின் மேல் பல நாள்கள் நிற்கும்.

நீர்த்துப் போவது உண்மைதான். கரையை விட்டு விலக விலக அளவு குறைகிறது. ஆனால் மறைந்துவிடுவதில்லை: ஆய்வகத்தில் இயற்கையான கடல்நீரில் வைத்துப் பார்த்தபோது, டையூரானும் அட்ரசினும் பாதியாகக் குறைய ஓராண்டுக்கும் மேல் பிடித்தது.

பதில் 2:

பவளம் விலங்கு என்பது சரியே, ஆயினும் அதன் திசுவுக்குள் ஒற்றைச் செல் பாசிகள் வாழ்கின்றன. பகலில் அவை சமைக்கும் சர்க்கரையே பவளத்தின் உணவில் பெரும்பங்கு. மேலே சொன்ன மூன்று மருந்துகளும் ஒளிச்சேர்க்கைக்காக ஒளியைப் பிடிக்கும் அமைப்புகளுள் ஒன்றான 'ஒளிச்சேர்க்கை அமைப்பு இரண்டில்' உள்ள டி1 என்ற புரதத்தில் ஒட்டிக்கொண்டு எலக்ட்ரான் ஓட்டத்தை அடைத்துவிடுகின்றன. களைச்செடியில் நடப்பதும் இதுவே. பாசிக்கும் அதே புரதம் இருப்பதால் மருந்துக்கு வேறுபாடு தெரிவதில்லை. வெளியேற வழியில்லாத ஒளியாற்றல், செல்லைச் சிதைக்கும் ஆக்சிஜன் மூலக்கூறுகளை உருவாக்குகிறது. பாதிப்பு நீடித்தால் பவளம் பாசியை வெளியேற்றி வெளுத்துப்போகிறது.

அளவைக் கவனியுங்கள். லிட்டருக்கு ஒரு மைக்ரோகிராமுக்கும் குறைவான டையூரானே பாசியின் ஒளிச்சேர்க்கையைக் குறைப்பதைக் கருவிகள் காட்டுகின்றன. லிட்டருக்கு ஒரு மைக்ரோகிராம் என்பது பத்து லட்சம் லிட்டர் நீரில் ஒரு கிராம். வெப்பத்தால் பவளம் ஏற்கெனவே தவிக்கும் கோடையில்தான் இந்த வெள்ளமும் வருகிறது என்பதே என் பெரிய கவலை.

கேள்வி கேட்டவர்:

மிக்க நன்றி. மருந்து நீங்கிவிட்டால் பவளம் பழைய நிலைக்கு வருமா?

பதில் 2:

குறுகிய காலப் பாதிப்பு என்றால் வரும். தூய நீருக்கு மாற்றியதும் ஒளிச்சேர்க்கை விரைவில் மீள்வதை ஆய்வகங்களில் கண்டிருக்கிறார்கள். சேறும் மருந்தும் வெப்பமும் சேர்ந்து வாரக்கணக்கில் நீடித்தால் அதே எதிர்பார்ப்பு பொருந்தாது. அண்மைக் கரையோரக் கடற்புல்லும் இதே மருந்துகளால் பாதிக்கப்படுகிறது. ஆவுளியா எனும் கடற்பசுவும் பச்சை ஆமையும் அதை மேய்ந்துதான் வாழ்கின்றன.

பதில் 3:

ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். பவளத்திட்டுகளுக்கு முதன்மையான அச்சுறுத்தல் கடல் வெப்பமடைவதே. அந்த இடத்தில் களைக்கொல்லியை வைத்துப் பேசுவது பிழை. ஆனால் இது வயலிலேயே குறைக்கக்கூடிய சுமை என்பதால் இதில் மெத்தனம் காட்ட நியாயமே இல்லை. ஆஸ்திரேலிய ஒழுங்குமுறை அமைப்பு 2012-இல் டையூரானின் அளவைக் குறைத்து, வெப்பமண்டலக் கரும்பு வயல்களில் மழைமிகு மாதங்களில் தெளிப்பதற்குக் கட்டுப்பாடு விதித்தது. வயல் முழுவதும் தெளிக்காமல் வரிசையை ஒட்டிப் பட்டையாகத் தெளிப்பதும், வெட்டிய கரும்பின் சோகையை மூடாக்காக விட்டுக் களையை அடக்குவதும், மழை முன்னறிவிப்பைப் பார்த்துவிட்டுத் தெளிப்பானை எடுப்பதும் விவசாயியின் கையில் உள்ளவை. தெளித்த நாளுக்கும் முதல் பெருமழைக்கும் இடையே எத்தனை நாள் கிடைக்கிறது என்பதைப் பொறுத்தே ஆற்றில் சேரும் அளவு பெரிதும் மாறுகிறது.