சுங்குடி முடிச்சு வகுப்பு: சாயம் நிலைக்க வழி சொல்லுங்கள்

ஆசிரியப் பெருமக்களுக்கு வணக்கம். மேலூர் அருகே ஒரு தொடக்கப் பள்ளியில் நான்காம் வகுப்பு எடுக்கிறேன். 2005-இல் புவிசார் குறியீடு பெற்ற நம் மதுரைச் சுங்குடியை (முடிச்சிட்டுச் சாயமேற்றிப் புள்ளிகள் உண்டாக்கும் துணி) பிள்ளைகளுக்குக் கைவேலையாகவே அறிமுகப்படுத்த எண்ணி, பழைய வெள்ளை வேட்டித் துண்டுகளில் கடுகை வைத்து நூலால் இறுக முடிச்சிட்டு, மஞ்சள் கரைசலில் நனைக்கச் செய்தேன். முடிச்சை அவிழ்த்ததும் வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தபோது, தலைமையாசிரியர் எட்டிப் பார்க்கும் அளவுக்கு வகுப்பே ஆர்ப்பரித்தது. சோப்பு பட்ட இடம் சிவந்தது தனி அறிவியல் பாடமாயிற்று. ஆனால் வெயிலில் காய்ந்த இரண்டே நாளில் நிறம் வெளிறிவிட்டது. வகுப்பறையில் அடுப்பு மூட்டாமலும், பிள்ளைகளின் கைகளுக்குத் தீங்கு இல்லாமலும் நிறத்தை நிலைக்கச் செய்யும் முறையை எவரேனும் கையாண்டிருக்கிறீர்களா? துணியை முன்னதாகவே படிகார நீரில் ஊறவைப்பதென்றால் எவ்வளவு சேர்க்க வேண்டும்? 40 நிமிடப் பாடவேளைக்குள் 30 பிள்ளைகளும் முடிச்சிட்டு முடிப்பதற்கான யோசனையையும் தெரிவித்தால் நன்றியுடையவளாவேன்.