ஹீத் நிலத்திலிருந்து 250 மீட்டரில் ஒரு கெயார் ஹோம்: ஆட்சேபிக்கலாமா?

தரவைக்காரன்:

சென்ற வாரம் எங்கள் தெருமுனை விளக்குக் கம்பத்தில், மழை நனைக்காதபடி பிளாஸ்டிக் உறையிட்டு, கவுன்சிலின் அறிவித்தல் ஒன்றைக் கட்டிவிட்டுப் போயிருந்தார்கள். தெருவின் கடைசியில் கைவிடப்பட்டுக் கிடக்கும் நாற்றுப்பண்ணைக் காணியில், அறுபது படுக்கைகளுக்கு மேல் கொண்ட மூன்று மாடிக் கெயார் ஹோம் (முதியோர் பராமரிப்பு இல்லம்) ஒன்றைக் கட்ட விண்ணப்பித்திருக்கிறார்கள். கருத்துத் தெரிவிக்க 21 நாள் அவகாசம். அந்தக் காணியின் பின்வேலியிலிருந்து ஹீத் நிலத்தின் கம்பிவேலி வரை நடந்து அளந்தேன். 250 மீட்டர்கூட வராது.

விடயம் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஹீத் என்பது மணல் மண்ணில் குறும்புதர் மண்டிக் கிடக்கும் திறந்தவெளி. தென்கிழக்கு இங்கிலாந்தில் சரே, ஹாம்ப்ஷயர், பார்க்ஷயர் ஆகிய மூன்று மாவட்டங்களிலும் துண்டுதுண்டாகக் கிடக்கும் 8,200 ஹெக்டேருக்கு மேற்பட்ட நிலம், ‘தேம்ஸ் பேசின் ஹீத்ஸ்’ என்ற பெயரில் 2005 மார்ச்சில் பறவைகளுக்கான சிறப்புப் பாதுகாப்புப் பகுதியாக அறிவிக்கப்பட்டது. பக்கி, காட்டு வானம்பாடி, டார்ட்ஃபர்ட் கதிர்க்குருவி என்ற மூன்று பறவைகளே அதற்குக் காரணம். முதல் இரண்டும் தரையில் முட்டையிடுபவை. மூன்றாவது, தரையை ஒட்டிய புதருக்குள் கூடு வைப்பது. அவிழ்த்துவிட்ட நாயும் இரவில் உலவும் பூனையும் இவற்றுக்கு எமன். ஆகவேதான் எல்லையிலிருந்து 400 மீட்டருக்குள் புதிதாக ஒரு வீடுகூடச் சேரக்கூடாது என்று இங்குள்ள கவுன்சில்கள் விதி வைத்திருக்கின்றன. இருக்கும் வீட்டை இரண்டு குடியிருப்பாகப் பிரிப்பதற்கே அனுமதி கிடைக்காத இடத்தில், அறுபது பேரைக் கொண்டுவந்து வைப்பது எந்த நியாயம்? இரண்டு கார்கள் எதிரெதிரே வந்தால் ஒன்று பின்வாங்க வேண்டிய தெரு எங்களுடையது. மூன்றாம் மாடி யன்னலிலிருந்து எங்கள் வளவு முழுவதும் தெரியும். வீட்டின் பெறுமதியும் விழும். நீங்கள் எல்லோரும் ஆட்சேபக் கடிதம் எழுத வேண்டும்.

இரவுப்பணி:

தரவைக்காரன் அண்ணா, நான் எழுத மாட்டேன். பதினொரு ஆண்டுகளாக இப்படியான இல்லங்களில் தாதியாக வேலை செய்கிறேன், பெரும்பாலும் இரவில். நான் பார்க்கும் அறுபது பேரில் எத்தனை பேர் நாயைப் பிடித்துக்கொண்டு ஹீத்துக்கு நடந்து போவார்கள் என்று நினைக்கிறீர்கள்? கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றுவதற்கே இருவர் பிடிக்க வேண்டியவர்கள் பலர். மறதி நோய் உள்ளவர்கள் இருக்கும் தளத்தின் கதவுக்கு எண்பூட்டு. பக்கியின் முட்டையை மிதிக்க அங்கிருந்து ஒருவரும் வரப்போவதில்லை.

சென்ற மாரியில் எங்கள் ஊர் ஐயா ஒருவர் இடுப்பு எலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் இருந்தார். சிகிச்சை முடிந்து, வீட்டுக்கு அனுப்ப முடியாமல், போக இடம் கிடைக்காமல் ஏழு கிழமை அங்கேயே கிடந்தார். கடைசியில் கிடைத்த இடத்துக்கு அவருடைய மனைவி இரண்டு ரயில் மாறிப் போக வேண்டியிருந்தது. எழுபத்தொன்பது வயது அவருக்கு. கிழமைக்கு ஒருநாள் போனார், பிறகு அதுவும் இல்லை.

இன்னொன்றும் கேட்கிறேன், கோபிக்க வேண்டாம். உங்கள் வீடு அந்தக் காணியைவிட ஹீத்துக்குக் கிட்டவா, தூரவா? அந்த வீட்டில் பூனை இருக்கிறதா?

வரைபடம்:

இருவருக்கும் ஒரு விளக்கம். நான் கட்டட அனுமதி விண்ணப்பங்கள் தயாரிக்கும் தொழிலில் இருப்பவன். இந்த விண்ணப்பத்தோடு எனக்கு எந்தத் தொடர்பும் இல்லை.

400 மீட்டர் விதி, குடியிருப்பு வீடுகளின் எண்ணிக்கை கூடுவதைப் பற்றியது. கெயார் ஹோம் என்பது சட்டப்படி ‘சி2’ என்ற தனிப் பயன்பாட்டு வகையைச் சேர்ந்தது. அதை ஒவ்வொரு விண்ணப்பமாக எடுத்துத்தான் முடிவு செய்வார்கள். அங்கே வசிப்பவர்கள் நடமாட முடியாத அளவுக்கு நோயுற்றவர்கள், செல்லப்பிராணிகளுக்கு இடமில்லை, ஊழியர்கள் அங்கேயே தங்க மாட்டார்கள், வாகன நிறுத்துமிடத்தை ஹீத்துக்கு வருபவர்கள் பயன்படுத்த முடியாது என்பதெல்லாம் உறுதியாகக் காட்டப்பட்டால், அரசின் இயற்கைப் பாதுகாப்பு ஆலோசகரான நேச்சுரல் இங்கிலாந்து ஆட்சேபிக்காமல் விடுவதும் உண்டு. ஆகவே ‘400 மீட்டருக்குள் இருக்கிறது, எனவே முடியாது’ என்ற ஒரே வரியில் வழக்கு முடிந்துவிடாது.

ஆனால் இரவுப்பணி அவர்கள் நினைப்பது போல எளிதாகவும் முடியாது. சாதாரண விண்ணப்பத்தில் தீங்கு வரும் என்று எதிர்ப்பவர் காட்ட வேண்டும்; இங்கே தீங்கு வராது என்பது அறிவியல் நோக்கில் நியாயமான ஐயத்துக்கு இடமின்றித் தெளிவாக வேண்டும். 2004இல் ஐரோப்பிய நீதிமன்றம் வாடன்சே வழக்கில் சொன்ன அளவுகோல் அது. 2018இல் அதே நீதிமன்றம் இன்னொரு படி போனது: ‘பரிகாரம் செய்துவிடுவோம், எனவே பாதுகாப்புப் பகுதிக்கு வரும் பாதிப்பு பற்றிய விரிவான மதிப்பீடே தேவையில்லை’ என்று தொடக்க நிலையிலேயே தள்ளிவிட முடியாது என்றது. எனவே முதலில் விண்ணப்பக் கோப்பில் அந்த மதிப்பீடு இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லையென்றால் உங்கள் கடிதத்தின் முதல் வரி அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

வீட்டின் விலை விழும் என்பதைத் தயவுசெய்து எழுதாதீர்கள். சொத்து மதிப்பையும் தனி வீட்டின் காட்சி மறைவதையும் திட்டக் குழு கணக்கில் எடுக்கவே கூடாது. அந்த வரியைப் பார்த்ததும் அதிகாரி மீதிக் கடிதத்தை எந்த மனநிலையில் படிப்பார் என்பதை யோசித்துப் பாருங்கள்.

ஓக்மரத்தடி:

எனக்கு அடிப்படையிலேயே ஒரு சந்தேகம். ஹீத் ஹீத் என்று இவ்வளவு பேசுகிறோம். அது இயற்கையான காடும் இல்லை. ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் மனிதர்கள் காட்டை வெட்டி, மாடு மேய்த்து, விறகுக்கும் கூரைக்கும் புதரை அறுத்து அறுத்து உண்டாக்கிய மொட்டை நிலம். பத்து ஆண்டு சும்மா விட்டால் பேர்ச், பைன் மரங்கள் முளைத்து மூடிவிடும். மனிதன் உண்டாக்கிய ஒன்றை மனிதனுக்கு எதிராகவே காட்டுவது எனக்கு விளங்கவில்லை. 15 லட்சம் வீடுகள் கட்டப் போவதாக அரசு சொல்கிறது. எல்லா ஊரிலும் ஏதோ ஒரு குருவி இருக்கத்தான் செய்யும். ஏற்கெனவே வீடு வாங்கி உள்ளே வந்தவர்கள் படலையைச் சாத்திக்கொள்வதற்கு இந்தக் குருவிகள் நல்ல சாட்டு.

தரவைக்காரன்:

பூனை இருக்கிறது. வீடும் அந்தக் காணியைவிட ஹீத்துக்குக் கிட்டத்தான். 180 மீட்டர் இருக்கும். கேட்டது நியாயம் என்பதால் மறைக்கவில்லை. வீட்டின் பெறுமதி பற்றிய வரியையும் எடுத்துவிடுகிறேன்.

ஓக்மரத்தடி சொல்வதற்கு வருகிறேன். மனிதர் உண்டாக்கியது என்பது உண்மைதான். எங்கள் ஊர்க் குளத்தையும் மனிதர்தான் வெட்டினார்கள். அதற்காக அதைத் தூர்த்து வீடு கட்டலாமா? இங்கிலாந்தில் 1800க்குப் பிறகு தாழ்நில ஹீத்தில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் அழிந்துவிட்டது: உழுதார்கள், பைன் நட்டார்கள், வீடு கட்டினார்கள். ஊட்டமில்லாத புளித்த மணல் மண் என்பதால்தான் ஹெதர், கோர்ஸ் போன்ற புதர்ச்செடிகள் அங்கே பிழைக்கின்றன. நாய்க் கழிவு தொடர்ந்து சேர்ந்தாலே மண் கொழுத்து, பாதையோரத்தில் புல் ஏறி ஹெதரைத் தள்ளிவிடும். டார்ட்ஃபர்ட் கதிர்க்குருவி 1962-63 பெருங்குளிரில் இந்நாடு முழுவதிலும் ஏறக்குறைய பத்துச் சோடிகள் என்ற நிலைக்கு வந்தது. மீண்டதற்குக் காரணம், மீள்வதற்கு ஓரளவு ஹீத் மிஞ்சியிருந்தது.

ஜூன் மாதம் இரவு பத்து மணிக்குப் பிறகு எங்கள் பின்வேலியில் நின்றால் பக்கியின் சத்தம் கேட்கும். பாட்டு என்று சொல்ல முடியாது. தூரத்தில் யாரோ தையல் மெஷினை நிறுத்தாமல் மிதிப்பது போல இருக்கும். தலையைத் திருப்பும்போது சத்தம் ஏறி இறங்கும். திடீரென்று நின்று, இரண்டு சிறகும் மேலே அடித்துக்கொள்ளும் ‘டப்’ என்ற ஒலி வரும். ஆபிரிக்காவிலிருந்து வந்து மூன்று நான்கு மாதமே இங்கு தங்கும் பறவை அது; இரண்டே முட்டை, அதுவும் கூடில்லாமல். இங்கு வந்த முதல் வருடம் அந்தச் சத்தத்தை ஏதோ மின்மாற்றியின் இரைச்சல் என்று எண்ணிக் கவுன்சிலுக்குத் தொலைபேசி எடுத்தவன் நான். ஆகவே பிறந்ததிலிருந்து பறவை பார்த்தவன் போலப் பேசுவதாக யாரும் நினைக்க வேண்டாம்.

இரவுப்பணி தங்கச்சிக்கு ஒரு கேள்வி. தீ வந்தால் அந்த அறுபது பேரை எப்படி வெளியே எடுப்பீர்கள்? 2011 மே மாதம் ஸ்வின்லி காட்டில் எரிந்தது நினைவிருக்கும். 2020 மே மாதம் தேர்ஸ்லி பொதுநிலம் எரிந்தது. அதே ஆகஸ்டில் சோபம் பொதுநிலம் எரிந்தபோது சுற்றியிருந்த வீடுகளிலிருந்து ஆட்களை வெளியேற்றினார்கள். பக்கத்து வென்ட்வொர்த்தில் நடந்துகொண்டிருந்த பெண்கள் கோல்ஃப் போட்டியையே நிறுத்திவிட்டார்கள். கோர்ஸில் எண்ணெய்ப் பசை இருக்கிறது. காய்ந்த காலத்தில் பற்றினால் பச்சையாக இருக்கும்போதே எரியும். அவர்களால் தீ மூட்ட முடியாது என்கிறீர்கள், சரி. தீயிலிருந்து ஓடவும் முடியாதே.

இரவுப்பணி:

இந்தக் கேள்வியை எதிர்பார்க்கவில்லை.

எங்களுக்குக் கற்பிப்பது பக்கவாட்டு வெளியேற்றம். தீப்பற்றிய பகுதியிலிருந்து, தீக்கதவுக்கு அப்பால் அதே தளத்திலுள்ள அடுத்த பகுதிக்குக் கட்டிலோடோ பாயோடோ இழுத்துச் செல்வோம். கட்டடத்தை விட்டு வெளியே கொண்டுபோவது கடைசி வழி. ஆனால் அது கட்டடத்துக்குள் பற்றும் தீக்கு உரிய ஏற்பாடு. வெளியே இருந்து புகை நான்கு பக்கமும் சூழ்ந்தால் பக்கவாட்டில் இழுத்து என்ன பயன்? இரவில் அறுபது பேருக்கு நாங்கள் ஆறேழு பேர் இருப்போம். நேர்மையாகச் சொல்வதென்றால், அந்தக் காணியில் வேலை செய்ய எனக்கே தயக்கம் வரும், விண்ணப்பதாரர் இதற்கு ஒரு பதில் எழுதியிருந்தால் ஒழிய.

அதற்காக எதிர்ப்பாளர்கள் பக்கம் வந்துவிட்டேன் என்று எண்ண வேண்டாம். உங்கள் தெருவில் இருப்பவர்களும் ஒருநாள் என் கட்டில்களில் படுக்கப் போகிறவர்கள். எங்கே கட்டலாம் என்று ஒருவரும் சொல்வதில்லை. எங்கே கட்டக்கூடாது என்று மட்டும் எல்லோரிடமும் வரைபடம் இருக்கிறது.

வரைபடம்:

என் பெயரில் பழி விழுவதால் பதில் சொல்கிறேன். 400 மீட்டருக்கு வெளியே, ஐந்து கிலோமீட்டர் வரை கட்டலாம். ஆனால் புதிதாக வருபவர்கள் நாயோடு ஹீத்துக்குப் போகாமல் இருக்க, ஆயிரம் பேருக்கு எட்டு ஹெக்டேர் வீதம் மாற்றுப் பசுமைவெளி ஒதுக்க வேண்டும், ஹீத்தைக் கண்காணிக்கவும் பணம் கட்ட வேண்டும். இந்த ஏற்பாடு 2009ஆம் ஆண்டுத் தென்கிழக்குப் பிராந்தியத் திட்டத்தில் ஒரு கொள்கையாகவே எழுதப்பட்டது. 2013இல் அரசு அந்தத் திட்டத்தை ரத்துச் செய்தபோதுகூட இந்தக் கொள்கையை மட்டும் விட்டுவைத்தது. ஆகவே இரவுப்பணி அவர்களின் கேள்விக்குப் பதில் உண்டு. அந்த இடங்களில் நில விலை கூடுதல், அவ்வளவுதான். நாற்றுப்பண்ணைக் காணி மலிவாகக் கிடைத்ததற்கும் 400 மீட்டர் வட்டத்துக்கும் உள்ள தொடர்பை நான் விளக்க வேண்டியதில்லை.

ஒரு கேள்வி எனக்கும் உண்டு. அந்தத் தெருவுக்குப் பேருந்து வருமா?

இரவுப்பணி:

பேருந்து நிறுத்தம் ஒன்றே கால் மைலில். இரவு எட்டுக்குப் பிறகு பேருந்தே கிடையாது. பணி மாறும் நேரம் எட்டு மணி. ஆகவே எல்லோரும் காரில்தான் வருவார்கள், அல்லது கார் உள்ளவர்களுக்கு மட்டுமே வேலை கிடைக்கும். இதை நான் முதல் பதிவிலேயே யோசித்திருக்க வேண்டும்.

தரவைக்காரன்:

கோப்பைத் திறந்து பார்த்தேன். மதிப்பீடு இருக்கிறது, நாற்பது பக்கம். ‘வசிப்போர் நடமாட்டம் குறைந்தவர்கள்’ என்று பல இடங்களில் எழுதியிருக்கிறார்கள். ஆனால் எந்த அளவுக்கு நோயுற்றவர்களைச் சேர்ப்பார்கள் என்று கட்டுப்படுத்தும் நிபந்தனை எதையும் அவர்களாக முன்வைக்கவில்லை. அனுமதி காணியோடு போவது. இல்லம் நாளைக்கு இன்னொருவர் கைக்கு மாறி, நடமாடக்கூடிய முதியோருக்கான இடமாக, அதே சி2 வகைக்குள் ஆகிவிட்டால் யார் தடுப்பது? செல்லப்பிராணி கூடாது என்ற நிபந்தனையை எந்த அதிகாரி வந்து எண்ணிப் பார்ப்பார்? காட்டுத்தீ பற்றி ஒரு வரிகூட இல்லை.

என் கடிதத்தில் இப்போது மூன்றே விடயங்கள்: சேர்க்கப்படுவோரின் நிலை பற்றிய நிபந்தனை இல்லாமை, வெளித்தீ வந்தால் வெளியேற்றும் திட்டம் இல்லாமை, ஊழியர் வாகனங்கள். மாடி யன்னலையும் வீட்டுப் பெறுமதியையும் நீக்கிவிட்டேன். வெள்ளிக்கிழமை கடைசி நாள்.

ஓக்மரத்தடி:

அந்த மூன்றுக்கும் அவர்கள் திருப்தியான பதில் தந்தால் ஆட்சேபத்தை விலக்கிக்கொள்வீர்களா?

தரவைக்காரன்:

தெரியவில்லை. விலக்கிக்கொள்ள வேண்டும் என்றுதான் நினைக்கிறேன்.

இரவுப்பணி:

நான் ஆதரவுக் கடிதம் எழுதுவதாக இருந்தேன். இப்போது ஆதரவு என்றும் போடாமல் ஆட்சேபம் என்றும் போடாமல், கவுன்சில் இணையத்தளத்தில் ‘நடுநிலைக் கருத்து’ என்ற கட்டத்தைத் தெரிவுசெய்து, இரவுப் பணியில் எத்தனை பேர் இருப்பார்கள், புகை வந்தால் அவர்கள் என்ன செய்வார்கள் என்ற இரண்டை மட்டும் கேட்டு எழுதியிருக்கிறேன். அந்த ஐயாவைப் பற்றியும் ஒரு பந்தி சேர்த்தேன். அதை அவர்கள் கணக்கில் எடுக்கிறார்களோ இல்லையோ, படிக்கட்டும்.

பூனையை என்ன செய்வதாக உத்தேசம், அண்ணா?

தரவைக்காரன்:

பூனைக் கதவுக்கு நேற்றிரவு பூட்டுப் போட்டேன். விடியும் வரை கத்தியது.