டெம்ப்ளேட்டில் வேரியபிள் போட்டு வந்த வினைகள்: நீங்கள் பார்த்ததைச் சொல்லுங்கள்

நூல்கண்டு:
டெம்ப்ளேட்டில் (வெப் பக்கத்தின் அச்சில்) இரட்டை அடைப்புக்குறிக்குள் வேரியபிள் பெயரைப் போட்டால் அதன் மதிப்பு வந்து உட்காரும், இதில் என்ன வந்துவிடப்போகிறது என்றுதான் எல்லாரும் நினைக்கிறோம். ஒரு மொத்த வியாபாரக் கடைக்கு ஜாங்கோவில் (பைத்தானில் வெப்சைட் செய்யும் கருவி) செய்த ஆர்டர் பக்கத்தில் நடந்தது இது. "தொகையில கமா வரணும்ங்க, படிக்கவே முடியல" என்றார் கடைக்காரர். எங்கள் டீமில் ஒருவர் செட்டிங்ஸில், எண்களுக்கெல்லாம் கமா போடும் யூஸ்_தவுசண்ட்_செப்பரேட்டரை ட்ரூ ஆக்கினார். 45000 என்று இருந்தது 45,000 ஆனது. கடைக்காரருக்கும் திருப்தி.

ஆர்டர் எண் ஆயிரத்தைத் தொட்டதும் குட்டு வெளிப்பட்டது. லிங்க்குகளைக் கையால் எழுதி நடுவில் ஐடியை (ஆர்டர் எண்ணை) செருகியிருந்தார்கள். ஐடியும் எண்தானே, அதற்கும் கமா! /ஆர்டர்/1,000/ என்று போய் 404, அதாவது பக்கமே இல்லை என்ற எரர். கேன்சல் பட்டன் இன்னும் மோசம். பட்டனோடு ஒட்டிவைத்த டேட்டா ஆட்ரிபியூட்டில் இருந்த ஐடியை ஜாவாஸ்கிரிப்ட், எழுத்தை எண்ணாக்கும் பார்ஸ்இன்ட் போட்டு எடுத்தது. அது கமாவைக் கண்டதும் நின்றுவிடும். "1,250" கொடுத்தால் கிடைப்பது வெறும் 1. புது ஆர்டர் எதை ரத்து செய்தாலும் கோரிக்கை முதல் ஆர்டரின் தலையில் போய் விழுந்தது. அது எப்போதோ டெலிவரி ஆனதால் சர்வர் மறுத்தது, பிழைத்தோம்.

ஐடி வரும் இடங்களில் கமா வராமல் தடுக்கும் அன்லோக்கலைஸ் ஃபில்டர் (மதிப்பு காட்டப்படும் விதத்தை மாற்றுவது) போட்டு, லிங்க்குகளை ஜாங்கோவே கட்டித்தரும் யூஆர்எல் டேகுக்கு மாற்றினோம்; அதில் எண் கமா ஒட்டாமல் அப்படியே போகும். என்னைக் கேட்டால் அந்த செட்டிங்கையே அணைத்துவிட்டு, தொகைக்கு மட்டும் கமா சேர்க்கும் இன்ட்கமா ஃபில்டர் போடுவதுதான் மேல்.

கடைசி பெஞ்ச்:
அதே செட்டிங்கால் ஒரு பயோடேட்டா பக்கத்தில் பிறந்த ஆண்டு 1,987 என்று வந்ததைப் பார்த்திருக்கிறேன் 😄

தேனிக்காரி:
எனக்குத் தமிழ்ப் பெயர்களில்தான் தலைவலி. ப்ரொஃபைல் படம் இல்லாதவர்களுக்கு வட்டத்துக்குள் முதல் எழுத்து காட்ட ஃபர்ஸ்ட் ஃபில்டர் போட்டிருந்தார்கள். கோமதி, கீதா, குமார் மூவருக்கும் ஒரே "க". நமக்குக் "கோ" ஓர் எழுத்து, யூனிகோடில் (கணினியின் எழுத்துக் குறியீட்டில்) அது க-வும் ஓகாரக் குறியும் சேர்ந்த இரண்டு. ஃபில்டர் முதலாவதை மட்டும் கிள்ளிக்கொண்டு வந்துவிடுகிறது. பைத்தானின் ஓப்பன்-தமிழ் நூலகத்தில் சொல்லை எழுத்தெழுத்தாகப் பிரிக்க வழி இருக்கிறது. அதை வைத்துச் சின்னதாக ஒரு சொந்த ஃபில்டர் எழுதினோம், சரியாகிவிட்டது. ஸ்லைஸ் ஃபில்டரால் தலைப்பை வெட்டுகிறவர்களும் கவனியுங்கள், கொம்பும் புள்ளியும் அறுந்து தொங்கும்.

உப்புமா_கோடர்:
ஜிஞ்சா2-வில் (பைத்தானின் இன்னொரு டெம்ப்ளேட் கருவி) வேரியபிள் பெயரைத் தப்பாக அடித்தால் சத்தமே போடாது, அந்த இடம் காலியாக வரும். "வணக்கம் ," என்று பேரில்லாமல் மெயில் போன கதை எல்லா ஆபீஸிலும் ஒன்று இருக்கும். ஸ்ட்ரிக்ட்அன்டிஃபைன்ட் என்ற அமைப்பை வைத்தால் அங்கேயே எரர் அடித்து நிற்கும். டெஸ்டிங்கிலாவது வையுங்கள்.

கடைசி பெஞ்ச்:
@நூல்கண்டு அண்ணா, இன்ட்கமா போட்டால் ஒரு லட்சம் 100,000 என்றுதானே வருகிறது? நம்ம ஊர் கடைக்காரர் ஒத்துக்கொள்வாரா?

நூல்கண்டு:
ஒத்துக்கொள்ளவில்லை தம்பி 🙂 எத்தனை இலக்கத்துக்கு ஒரு கமா என்று சொல்லும் நம்பர்_குரூப்பிங்கை (3, 2, 0) என்று கொடுத்தால் 1,00,000 வரும். ஆனால் தளம் ஆங்கிலத்தில் ஓடினால் செட்டிங்ஸில் போடுவது எடுபடாது, ஜாங்கோவின் ஆங்கில ஃபார்மட் ஃபைலில் இருக்கும் 3 தான் ஜெயிக்கும். ஃபார்மட்_மாட்யூல்_பாத் கொடுத்து சொந்த ஃபார்மட் ஃபைல் வைத்து, அதில் போடு.