சொராரிட்டி சேர்க்கைக்கு ரெக் லெட்டர் தேடின கதை: உங்க அனுபவத்தையும் எழுதுங்க

பிளேனோ, டெக்சஸ்

அலபாமா, ஆபர்ன், ஓல் மிஸ் (மிசிசிப்பி பல்கலைக்கழகம்), ஜார்ஜியா மாதிரி தெற்குப் பக்கக் கல்லூரிக்குப் பொண்ணை அனுப்பறீங்க, அவளும் 'ரஷ்' (சொராரிட்டிங்கற மாணவிகள் சங்கங்கள்ல சேர நடக்கற தேர்வு) போகணும்னு ஆசைப்படறான்னா, ஹைஸ்கூல் முடியறதுக்கு முன்னாடியே இதைப் படிச்சுடுங்க. அலபாமாவுல ரஷ் ஆகஸ்ட்ல, வகுப்பு தொடங்கறதுக்கு முன்னாலேயே முடிஞ்சுடும். ரெக், அதாவது பரிந்துரைக் கடிதத்துக்கு அலையறதெல்லாம் அதுக்கு முந்தின மாசங்கள்லதான்.

காலேஜ் அட்மிஷனுக்கு டீச்சர் தர்ற கடிதம் வேற, இது வேற. எந்த சொராரிட்டிக்குப் போகுதோ, அதே சொராரிட்டியில உறுப்பினரா இருந்து படிப்பு முடிச்ச பெண்தான் ரெக் எழுத முடியும். சொராரிட்டிகளோட தேசியக் கூட்டமைப்பான நேஷனல் பான்ஹெலனிக் கான்ஃபரன்ஸ்ல 26 சொராரிட்டி. அலபாமா வளாகத்துல மட்டுமே 15-க்கு மேல இருக்கு. எது நம்ம பொண்ணைக் கூப்பிடும்னு முன்கூட்டித் தெரியாது, அதனால ஒவ்வொண்ணுக்கும் ஒரு ஆள் தேடச் சொல்வாங்க. தலைமுறையா அங்கயே படிச்ச குடும்பத்துக்கு அத்தை, பாட்டி, அம்மாவோட பழைய ரூம்மேட்னு யாராவது இருப்பாங்க. நானும் இவரும் படிச்சது திருச்சியில.

முதல்ல போனது எங்க பக்கத்து அலம்னே பான்ஹெலனிக் நடத்தின கூட்டத்துக்கு. டாலஸ், ஹூஸ்டன், அட்லாண்டா மாதிரி ஊர்கள்ல பழைய உறுப்பினர்கள் எல்லாம் சேர்ந்து நடத்தற சங்கம் அது. என்னென்ன பேப்பர் வேணும், எப்போ அனுப்பணும்னு பொறுமையா சொல்லித் தந்தாங்க. ஒரே பக்க ரெஸ்யூமே, முகம் தெளிவா தெரியற ஒரு போட்டோ, முழு உருவம் ஒண்ணு, மார்க் ஷீட், சேவை செஞ்ச இடங்களோட பட்டியல். முன்னெல்லாம் இதையெல்லாம் கவர்ல போட்டு ஸ்டாம்ப் ஒட்டின பதில் கவரோட கொடுப்பாங்களாம். இப்போ எழுதறவங்க அவங்க சொராரிட்டி வெப்சைட்ல நேரா நிரப்பிடறாங்க.

அப்புறம்தான் சுத்திப் பார்க்க ஆரம்பிச்சோம். பொண்ணோட கொயர் டீச்சர், பல் கம்பி போட்ட கிளினிக்ல ஃப்ரண்ட் டெஸ்க்ல இருக்கற அம்மா, நீச்சல் டீம்ல கூட நீந்தற பொண்ணோட பெரியம்மா. இத்தனை வருஷமா பார்க்கறவங்க, ஆனா காலேஜ்ல எந்த சொராரிட்டின்னு நாங்க கேட்டதே இல்லை. கேட்டதும் அவங்க முகத்துல வந்த சந்தோஷத்தை நீங்க பார்த்திருக்கணும்.

கேட்டது எல்லாம் என் பொண்ணுதான். நான் போன் பண்ணவே இல்லை. இதுல நான் உறுதியா இருந்தேன், இப்பவும் அதான் சொல்வேன். பதினேழு வயசுப் பொண்ணு தானே எழுதி, தானே போய் உட்கார்ந்து பேசட்டும்.

கொயர் டீச்சர் ஃபார்மை ஐபேட்ல திறந்து வெச்சுக்கிட்டு அவளை வீட்டுக்கே வரச் சொன்னாங்க. "ஃபுட் பேங்க்"னு ரெஸ்யூமேல இருந்ததைக் காட்டி, அங்க போய் என்ன பண்ணுவேன்னு கேட்டாங்க. வர்ற டப்பாவுல எல்லாம் தேதி பார்த்து, முடிஞ்சதைத் தனியா எடுத்து வைப்பேன்னா இவ. நசுங்கின டப்பாவை என்ன செய்வீங்கன்னு அடுத்த கேள்வி. விளிம்புல நசுங்கியிருந்தா தூக்கிப் போடணும், நடுவுல லேசா நசுங்கினது பரவாயில்லைன்னு இவ விளக்கினா. அதை அப்படியே எழுதிக்கிட்டாங்க. ரெஸ்யூமேல இருக்கறதையே திருப்பி எழுதின கடிதத்தை விட இந்த நாலு வரி மேல்னு நான் நம்பறேன்.

அல்பரெட்டா, ஜார்ஜியா

எங்களுக்கு அவ்வளவு சுலபமா நடக்கலை. பக்கத்துல குடியிருக்கற ஒருத்தர்கிட்ட என் பொண்ணு கேட்டா. சின்ன வயசுல இருந்து தெரிஞ்ச பிள்ளைகளுக்கு மட்டும்தான் எழுதுவேன்னு சொல்லிட்டாங்க. ஆறாம் கிளாஸ்ல இருந்து இவ அவங்க கண் முன்னாடிதான் சைக்கிள் ஓட்டி வளர்ந்தா. ரெண்டு நாள் அவ சரியா சாப்பிடலை, எனக்கும் மனசு ஆறலை.

அடுத்து ஃபேஸ்புக் குழுவுல முகம் தெரியாத ஒருத்தர் எழுதித் தர்றேன்னு வந்தாங்க. ரெஸ்யூமேவை மட்டும் அனுப்பு, பேசத் தேவையில்லைன்னாங்க. நாங்க வேண்டாம்னுட்டோம். எத்தனை நாளா, எப்படித் தெரியும்னு ஃபார்ம்லயே கேட்பாங்க, அதுல பொய் எழுதி என் பொண்ணு உள்ள போக வேண்டாம். ரஷ் கன்சல்டன்ட்னு காசு வாங்கிட்டு வழிகாட்டறவங்களும் இருக்காங்க. வசதி இருக்கறவங்க போங்க, நான் தப்பு சொல்லலை. ஆனா தெரியாத ஒருத்தரைத் தெரிஞ்சவங்களா ஆக்கித் தர அவங்களாலயும் முடியாது.

கடைசியில கையில இருந்தது கொஞ்சம் கடிதங்கள்தான். அவளுக்கு பிட் (சேர வரச் சொல்ற அழைப்பு) தந்தது கடிதமே போகாத ஒரு சொராரிட்டி!

பர்மிங்ஹாம், அலபாமா

2013-ல நான் டஸ்கலூசாவுல, அலபாமா பல்கலைக்கழகத்துல எம்.எஸ். படிச்சுட்டு இருந்தேன். இந்தக் கடிதம் என்னவெல்லாம் செய்யும்னு அந்த செப்டம்பர்லதான் தெரிஞ்சுது. 'க்ரிம்சன் ஒயிட்' மாணவர் பத்திரிகையில பெரிய கட்டுரை வந்தது. படிப்புலயும் மத்ததுலயும் நல்லா இருந்த ஒரு கறுப்பினப் பெண்ணை, வெள்ளைக்காரப் பெண்களே இருந்த எல்லா சொராரிட்டியும் ஒதுக்கியிருந்தாங்க. உள்ள இருந்த மாணவிகள் அவளைச் சேர்த்துக்க விரும்பினாங்க, பழைய உறுப்பினர்கள்தான் தடுத்தாங்கன்னு அந்த மாணவிகளே வெளிய சொன்னாங்க. ஒரு இடத்துல காட்டின காரணம், பரிந்துரைக் கடிதத்துக்கான விதி.

1963-ல இதே வளாகத்துல விவியன் மலோனும் ஜேம்ஸ் ஹூடும் உள்ள வராம தடுக்க ஆளுநர் ஜார்ஜ் வாலஸ் வாசல்ல நின்னார். சரியா ஐம்பது வருஷம் கழிச்சு இது. மாணவர்களும் ஆசிரியர்களும் ஊர்வலம் போனாங்க. அப்போ பல்கலைக்கழகத் தலைவரா இருந்த ஜூடி பானர் சேர்க்கையைத் திரும்பத் திறக்க வெச்சாங்க, அந்த இலையுதிர் காலத்துலயே சில கறுப்பினப் பெண்களுக்கு பிட் கிடைச்சுது.

யாருக்கு அத்தை இருக்காங்கன்னு பார்த்துத் திறக்கற கதவு, நிறம் பார்க்கற கதவாவும் ஆயிடும். 2020-க்கு அப்புறம் பல சொராரிட்டி ரெக் கட்டாயம் இல்லைன்னு அறிவிச்சதும், அம்மா உறுப்பினர்னா பொண்ணுக்கு இருந்த சலுகையைச் சிலது எடுத்ததும் ரொம்ப நல்ல விஷயம். ரொம்பத் தாமதம், ஆனாலும் நல்லது.

ஆஸ்டின், டெக்சஸ்

நான் அம்மா இல்லை, ஆன்ட்டிகளே, படிக்கற பொண்ணு. தெற்காசியப் பெண்களே ஆரம்பிச்ச சொராரிட்டிகளும் இருக்குன்னு உங்க பொண்ணுங்ககிட்ட சொல்லுங்க. டெல்டா ஃபை ஒமேகா ஹூஸ்டன் பல்கலைக்கழகத்துல, கப்பா ஃபை காமா எங்க யூ.டி. ஆஸ்டின்ல, ரெண்டும் 1998-ல தொடங்கினது. நான் சேர்ந்தப்போ என்கிட்ட யாரும் ரெக் கேட்கலை. நேர்ல போனேன், உட்கார்ந்து பேசினேன், அவ்வளவுதான். பான்ஹெலனிக் ரஷ்ஷுக்கு இது மாத்துன்னு சொல்ல வரலை. ரெண்டையும் போய்ப் பார்த்து எங்க மனசு ஒட்டுதோ அங்க சேரலாம்.

எங்க பாட்டிக்கு சொராரிட்டின்னா என்னன்னு புரிய வெச்சது கமலா ஹாரிஸ்தான். அவங்க ஹோவர்ட் பல்கலைக்கழகத்துல 1986-ல ஆல்ஃபா கப்பா ஆல்ஃபாவுல சேர்ந்தாங்க, நம்ம ஷியாமளா கோபாலனோட பொண்ணு. தேர்தல் சமயத்துல ரோஸும் பச்சையும் போட்டுக்கிட்டு அந்தச் சகோதரிகள் வந்து நின்னதை டிவியில காட்டினேன்.

ஃபிரிஸ்கோ, டெக்சஸ்

அக்கா, என் பொண்ணு இந்த ஆகஸ்ட்ல ஓல் மிஸ் போறா. பாதி சொராரிட்டிக்குக்கூட ஆள் கிடைக்கலை. மத்ததுக்கு என்ன பண்றது?

பிளேனோ, டெக்சஸ்

பதறாதீங்க. முதல்ல ஒவ்வொரு சொராரிட்டியோட தேசிய வெப்சைட்டையும் பாருங்க. ரெக் வாங்கறதே இல்லைன்னு எழுதியிருக்கறதைப் பட்டியல்ல அடிச்சுடுங்க. விருப்பப்பட்டா அனுப்பலாம்னு இருக்கறதுக்குத் தெரிஞ்சவங்க இருந்தா மட்டும் கேளுங்க. கடைசித் தேதி ஒண்ணொண்ணுக்கும் வேற, குறிச்சு வெச்சுக்குங்க. எழுதித் தந்தவங்களுக்குப் பொண்ணு கையால நன்றிக் கார்டு எழுதட்டும், எங்க சேர்ந்தான்னு அப்புறம் சொல்லவும் சொல்லுங்க, அவங்க காத்துட்டு இருப்பாங்க. மிச்சப் பட்டியலை எனக்குத் தனியா அனுப்புங்க. எங்க கொயர் டீச்சரோட தோழிகள்ல யாராவது ஒருத்தர் உங்க பொண்ணை நேர்ல பார்த்துப் பேச வருவாங்களான்னு கேட்டுச் சொல்றேன்.