வடலூர் போய்வந்த பிறகு ஒரு உதவி வேண்டும்

வணக்கம். போன மாதம் அம்மாவுடன் வடலூர் போயிருந்தேன். 1867-இல் வள்ளலார் தொடங்கிய தருமசாலையில் அடுப்பு இன்னும் அணையாமல் எரிகிறது. பந்தியில் பக்கத்தில் இருந்த பெரியவர் கடைசிப் பருக்கை வரை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, இலையைத் தொட்டுக் கும்பிட்டார். அது மனதை விட்டுப் போகவே இல்லை.

வந்ததும், தினமும் ஒருவருக்காவது சோறு போடுவது என்று முடிவெடுத்தேன். 11 நாள் நடந்தது. அப்புறம் இரவு ஷிஃப்ட் வந்தது, விட்டுப்போயிற்று. பணம் அனுப்பலாம்தான், ஆனால் என் கையால் பரிமாறத்தான் ஆசை.

வேலைக்குப் போய்க்கொண்டே இதை விடாமல் செய்கிறவர்கள் யாராவது இருக்கிறீர்களா? எப்போது சமைப்பீர்கள்? வாரம் ஒருநாள் என்று வைத்துக்கொள்ளலாமா? தாம்பரம் பக்கம் அன்னதானம் செய்கிறவர்கள் இருந்தால் சொல்லுங்கள், காய் நறுக்கவாவது வருகிறேன்.