புதுப்பிப்பு: தம்பியின் கணுக்கால் சுளுக்கு, எது கைகொடுத்தது

பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி. மட்டக்களப்பு வெபர் மைதானத்தில் பந்தடிக்கும்போது தம்பியின் கால் உட்பக்கமாகப் பிரண்டது, வீக்கம் வற்றியும் ஓடினால் அதே கால் திரும்பத் திரும்பப் பிரளுகிறது என்று கேட்டிருந்தேன்.

முதலில் எக்ஸ்ரே. நாலு அடி ஊன்றி நடக்க முடியாவிட்டாலோ, கணுக்கால் மொளியின் (பக்கத்தில் புடைத்திருக்கும் எலும்பின்) பின்விளிம்பில் அமத்தும்போது எலும்பு நொந்தாலோ அதைத் தள்ளிப்போடாதீர்கள். தம்பிக்கு முறிவு இல்லை.

அப்புறம் உண்மையில் பலன் தந்தது, ஏறாவூர் அக்கா எழுதிய ஒற்றைக்கால் பயிற்சிதான். இயன்மருத்துவரும் (பிசியோதெரபிஸ்ட்) அதையே சொன்னார்: மூட்டை இழுத்துப் பிடிக்கும் நார் காயப்படும்போது, கால் எந்தப் பக்கம் சரிகிறது என்று உணர்த்தும் நரம்பு முனைகளும் மந்தமாகிவிடும், அதனால் வலி போன பிறகும் கால் தன்னைத் தாங்கிக்கொள்ளப் பிந்துகிறது. சுவரைப் பிடித்து நின்று, பிறகு கைவிட்டு, பிறகு கண்ணை மூடி, கடைசியில் ஒற்றைக்காலில் நின்றபடியே எறிகிற பந்தைப் பிடிப்பது வரைக்கும் போனான். கூடவே படி விளிம்பில் குதிக்காலை உயர்த்தி, மிக மெதுவாக இறக்குவது.

எதிர்பாராதது ஒன்று. குதிக்காலைத் தூக்காமல் முழங்காலைச் சுவரில் தொடும்படி இயன்மருத்துவர் சொன்னபோது, காயப்பட்ட கால் மற்றக் காலைவிடக் குறைவாகவே மடங்கியது. அந்த இறுக்கம் இளகும் வரை கல்லடிக் கடற்கரை மணலில் ஓட வேண்டாம் என்றார். இப்போது கணுக்கால் பட்டி கட்டிக்கொண்டு முழுநேரமும் விளையாடுகிறான், பிரளவில்லை.