மழையால லேட்டு, இதுக்கு கொரியன்ல எந்த "அதனால" போடணும்?

போரூர்வாசி:
எல்லாருக்கும் வணக்கம். ஒரகடம் பக்கம் ஒரு கொரியன் கம்பெனில வேலை பாக்கறேன், ஒன்றரை வருஷமா கொரியன் படிக்கறேன், டோபிக்-2ன்னு கொரியன் மொழித் தேர்வு எழுதி மூணாவது லெவல் வாங்கணும், 300க்கு 120 எடுக்கணும். வார்த்தைங்க ஓரளவு வருது, இலக்கணத்துலதான் மாட்டிக்கிறேன். அசொ, னிக்கா, னுராகோ, னுன் பாராமே, இந்த நாலுக்கும் என் நோட்டுல "அதனால"ன்னு ஒரே அர்த்தம்தான் எழுதி வச்சிருக்கேன். போன வாரம் மழைல பூந்தமல்லி தாண்டி கம்பெனி பஸ் நகரவே இல்ல, எங்க க்வாஜாங்நிம்க்கு, அதாவது மேனேஜருக்கு, "பிகா ஓனுராகோ நுஜொஸ்ஸொயோ", மழையால லேட்டாயிடுச்சுன்னு மெசேஜ் போட்டேன். அவர் தப்புன்னு சொல்லல, ஆனா பதில்ல "ஆ, பிகா வாசொ"ன்னு அசொ போட்டு மாத்தி எழுதியிருந்தார். ஏன் மாத்தினார்னு ரெண்டு நாளா யோசிக்கறேன், யாராவது சொல்லுங்க.
(ஆபீஸ் சிஸ்டத்துல ஹங்குல், அதாவது கொரியன் எழுத்து, வராது, அதான் தமிழ்ல அடிக்கறேன். குறில் ஒ போட்டா வாய் திறந்து சொல்றது, நெடில் ஓ போட்டா வாய் குவிச்சு சொல்றது.)

அண்ணாநகர் அக்கா:
தம்பி, பன்னெண்டு வருஷமா இன்டர்பிரட்டரா இருக்கேன், இந்தத் தப்ப நம்ம ஆளுங்க எல்லாரும் பண்ணுவாங்க. னுராகோ போடணும்னா ரெண்டு பக்கமும் ஆள் ஒருத்தரா இருக்கணும், முதல் வேலை அவர் தானா செஞ்சதா இருக்கணும், அதுல நேரம் போயி இன்னொண்ணு கெட்டிருக்கணும். "பேசிட்டு இருந்ததுல பஸ்ஸ விட்டுட்டேன்"னு சொல்றோம்ல, அந்த "இருந்ததுல" இருக்கே, அதுதான் னுராகோ. "ஜானுராகோ ஜொன்ஹ்வாருல் மோத் பாதாஸ்ஸொயோ", தூங்கிட்டு இருந்ததுல போன எடுக்கல. உன் வாக்கியத்துல பெய்ஞ்சது மழை, லேட்டானது நீ, அதனாலதான் அது ஒட்டல.

மழை, டிராபிக், பஸ் ரிப்பேர் மாதிரி நம்ம கைல இல்லாத ஒண்ணு திடீர்னு வந்து கெடுத்துச்சுன்னா னுன் பாராமே. "பிகா ஓனுன் பாராமே நுஜொஸ்ஸொயோ". பாராம்னா காத்து, எங்கிருந்தோ காத்தடிச்சு நம்மள தள்ளி விட்ட மாதிரின்னு நான் மனசுல வச்சுக்கிட்டேன், அப்புறம் மறக்கவே இல்ல. நல்லது நடந்ததுக்கு இத பொதுவா போட மாட்டாங்க.

அசொவும் னிக்காவும் எப்படி பிரிக்கறதுன்னா பின்னாடி என்ன வருதுன்னு பாரு. இத செய்ங்க, வாங்க போலாம்னு சொல்லப் போறேன்னா னிக்காதான், "பிகா ஓனிக்கா உசானுல் காஜொகாசேயோ", மழை பெய்யுது குடை எடுத்துட்டுப் போங்க. இங்க வாசொ போட்டா தப்பு. மன்னிப்பு கேக்கறப்ப, நன்றி சொல்றப்ப அசொ, "நுஜொசொ ஜ்வேசோங்ஹம்னிதா", லேட்டானதுக்கு மன்னிச்சிடுங்க. அந்த இடத்துல மட்டும் தயவு செஞ்சு னிக்கா போட்றாத, லேட்டானதுக்கு நியாயம் பேசற மாதிரி கேக்கும், பெரியவங்ககிட்ட நல்லா இருக்காது.

கொளத்தூர் குமரன்:
அக்கா சொன்னதோட ஒண்ணு சேத்துக்கறேன். நம்ம எல்லாரும் இங்கிலீஷ் விளக்கம் படிச்சு அத தமிழாக்கி அப்புறம் கொரியனுக்குப் போறோம், நேரா தமிழ்லேந்து போனா பாதி வேலை மிச்சம். வினைக்குப் பின்னாடி இன்னொரு வினைய ஒட்டறது ரெண்டு மொழிலயும் இருக்கு. சாப்பிட்டுப் பாருங்க, "மொகொ போசேயோ", போதானா பாக்கறது. வாங்கி வச்சேன், "சா த்வொஸ்ஸொயோ", துதானா வைக்கறது. விழப் பாத்தேன்னு சொல்றதுக்கு "நொமொஜில் ப்பொன்ஹேஸ்ஸொயோ". உக்காந்திருக்கேன் "அன்ஜா இஸ்ஸொயோ", இங்க செஞ்சுட்டு இருக்கேன்னு சொல்ற கோ இத்தா போட்டா உக்காரப் போற அந்த அசைவு நடந்துட்டு இருக்குன்னு ஆயிடும். எனக்கு ரொம்பப் பிடிச்சது நம்ம "ஆம்"தான். நாளைக்கு மழையாம், "நேஇல் பி ஓன்தேயோ". அடுத்தவங்க சொல்லிக் கேட்டத ஒரு அசைல சொல்லி முடிச்சுடறோம், அவங்களும் அப்படியே. இத இங்கிலீஷ் வழியா படிச்சப்ப எனக்கு ரெண்டு மாசம் ஆச்சு புரிய.

அண்ணாநகர் அக்கா:
குமரன் சொல்றது சரி, ஆனா எல்லா இடத்துலயும் தமிழ நம்பிப் போகாதீங்க. வந்துட்டேன், சாப்ட்டுட்டேன், அனுப்பிட்டேன்னு நாம எதுக்கெடுத்தாலும் "ட்டேன்" போடுவோம், அதுக்கு கொரியன்ல பொரிதாங்கற துணை வினை வரும்னு படிச்சதும் மெயில் அனுப்பிட்டேன்னு சொல்ல அத சேத்துடுவாங்க. பொரிதால அய்யோ போச்சேங்கற வருத்தமோ அப்பாடா ஒழிஞ்சதுங்கற நிம்மதியோ இருக்கும். ஆபீஸுக்கு வந்துட்டேன்னா "வாஸ்ஸொயோ" போதும், "வா பொர்யொஸ்ஸொயோ"ன்னா வந்திருக்க வேணாம், வந்து தொலைச்சேன்ங்கற மாதிரி ஒரு வாடை வரும். இன்னொண்ணு, "சிங்குருல் மன்னாசொ"ன்னா பிரெண்டப் பாத்து அவனோடயே அடுத்த வேலையையும் செஞ்சதா அர்த்தம், "மன்னாகோ"ன்னா அவனப் பாத்துட்டு வந்து தனியா வேற வேலை பாத்தது. தமிழ்ல "பாத்துட்டு"ன்னு ஒரே சொல்லுல ரெண்டையும் ஓட்டிடுவோம், அங்க ஓட்ட முடியாது.

முகப்பேர் மாணவி:
அக்கா, அப்ப தொராகோயோ? ஆம்க்கு அதையும் போடலாமா?

அண்ணாநகர் அக்கா:
கூடாதும்மா. தொராகோயோ நீயே போயி பாத்தது, சாப்பிட்டது, அனுபவிச்சதுக்கு. அந்தக் கடைல நீ சாப்பிட்டிருந்தா "மஷித்தொராகோயோ", நல்லாருந்துச்சு. உன் பிரெண்டு சாப்பிட்டு உன்கிட்ட சொன்னா "மஷித்தேயோ", நல்லாருக்காம். கண்ணால பாத்ததா காதால கேட்டதான்னு பாத்தா போதும்.

போரூர்வாசி:
ரொம்ப நன்றிக்கா, குமரன் ப்ரோ. இன்னிக்கு பஸ்ல வரும்போது சொந்தமா மூணு எழுதினேன், பாத்து சொல்லுங்க.
"பொசுருல் நோச்சினுன் பாராமே நுஜொஸ்ஸொயோ." (பஸ்ஸ விட்டதால லேட்டு.)
"சிஹொம் கோங்புஹானுராகோ ஜாமுல் மோத் ஜாஸ்ஸொயோ." (பரீட்சைக்குப் படிச்சுட்டு இருந்ததுல தூங்க முடியல.)
"ஹ்வேஇஹேன்னுராகோ ஜொன்ஹ்வாருல் மோத் பாதாஸ்ஸொயோ." (மீட்டிங்ல இருந்ததுல போன எடுக்கல.)

அண்ணாநகர் அக்கா:
முதல் ரெண்டும் அப்படியே பேப்பர்ல எழுதலாம். மூணாவதுல னுராகோவுக்கு முன்னாடி இறந்தகாலம் வராது தம்பி, மீட்டிங் முடிஞ்சு போயிருந்தாலும் "ஹ்வேஇஹானுராகோ"தான். காலத்த கடைசி வினை பாத்துக்கும்.